பழைய சொகுசு எஸ்யூவி வாங்குமுன்: உரிமையாளர்களின் புகார்கள் வழியே ஓர் ஒப்பீடு

பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு சொகுசு எஸ்யூவியின் விலை, பெரும்பாலும் ஒரு புதிய சாதாரணக் காரின் விலைக்கு இறங்கிவிடும். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. வண்டியைக் காற்றால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப்பை, இரட்டை டர்போ, எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆகியவற்றை இன்றைக்கு வாங்கப் போனாலும், அந்த வண்டி ஷோரூமில் நின்ற காலத்து மதிப்புக்கு ஏற்ற விலையைத்தான் கேட்பார்கள். முதல் உரிமையாளருக்கு வாரண்டி இருந்தது. மூன்றாம் உரிமையாளருக்குத் தம் சேமிப்பு மட்டுமே இருக்கிறது. ஆகவே ரேஞ்ச் ரோவரா, பிஎம்டபிள்யூவா, மெர்சிடிஸா, போர்ஷேவா, லெக்ஸஸா என்று யோசிப்பவர் இருக்கையின் தோலையும் இன்ஜினின் குதிரைத்திறனையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. இவை ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த அறிகுறியோடு, எவ்வளவு ஆபத்தோடு பழுதாகின்றன என்பதுதான் ஒப்பிட வேண்டிய விஷயம்.

அதற்குத் தேவையான தகவலை, வண்டியை ஓட்டியவர்கள் பதிந்த புகார்களே தருகின்றன. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் யாரும் புகார் பதியலாம்; மாடல் ஆண்டு, ஓடிய தூரம், பழுதான பாகம், விபத்தோ தீயோ நேர்ந்ததா என்பது வரை எல்லோரும் படிக்கும்படி அவை வெளியிடப்படுகின்றன. பிரிட்டனில் ஒரு வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால், ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் அது எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொல்லி எச்சரித்தார்கள் என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் இவற்றை வெறும் எண்ணிக்கையாகப் படித்தால் தவறான முடிவுக்கே வருவோம். அதிகம் விற்ற மாடலுக்குப் புகாரும் அதிகம் வரும். வண்டி நன்றாக ஓடுகிற வரை யாரும் எழுத உட்காருவதில்லை. ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வயதான வண்டிகளை வைத்து, நூறு வண்டிக்கு இத்தனை குறைகள் என்று ஒரு கணக்கு வெளியிடுகிறது. அதில் டேஷ்போர்டின் திரை உறைந்துபோவதும் ஒரு குறைதான், கியர்பாக்ஸ் உடைவதும் ஒரு குறைதான். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் கணக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரும் பழுதுகளுக்குக் கூடுதல் எடை தருவதால் அது வாங்குபவரின் கவலைக்கு ஓரளவு நெருங்கி வருகிறது.

புகார்களில் நான் தேடுவது அவற்றுக்குள் இருக்கும் ஒற்றுமையைத்தான். ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே இன்ஜினில், ஏறக்குறைய ஒரே தூரத்தில், ஒரே சத்தத்தையோ கசிவையோ விவரித்தால், அது ஓட்டியவரின் கவனக்குறைவாக இருக்க வாய்ப்பு குறைவு. வண்டியின் வடிவமைப்பிலேயே இருக்கும் பலவீனம் அது. அப்படித் தெரியவரும் பழுதுகளிலும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். சில பழுதுகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும், நாம் பணம் சேர்க்கும் வரை காத்திருக்கவும் செய்யும். சில, ஓசையின்றி வளர்ந்து இன்ஜினையே முடித்துவிடும். வேறு சில, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கையோ உந்துவிசையையோ பறித்துவிடும், அல்லது தீயை மூட்டும். இவற்றில் முதல் வகைப் பழுதுகள் பத்து இருக்கும் ஒரு வண்டியை நான் வாங்கத் துணிவேன். கடைசி வகைப் பழுது ஒன்றே ஒன்று சரிசெய்யப்படாமல் இருந்தாலும் தொடமாட்டேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின்படிதான்.

ரேஞ்ச் ரோவரும் அதன் உறவான டிஸ்கவரியும் அதிகம் வசைபடும் வண்டிகள். அந்த வசையில் மிகையும் உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது ஏர் சஸ்பென்ஷனைத்தான்: இரவு சமமாக நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்து நிற்கும். காற்றுப்பையின் ரப்பர் மடிப்புகளில் விழும் நுண்ணிய வெடிப்புகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். கசிவைக் கண்டும் காணாமல் ஓட்டினால், இழந்த காற்றை ஈடுசெய்ய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடித் தானும் எரிந்துபோகும். ஒரு பாகத்தின் செலவு இரண்டு பாகத்தின் செலவாகிவிடும். ஆனாலும் இது முன்னறிவிப்போடு வரும் பழுது. வாங்கும்போதே இதற்கென ஒரு தொகையை எடுத்துவைத்தவர் இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

நான் கவலைப்படுவது இன்ஜின்களைப் பற்றி. டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், ரேஞ்ச் ரோவர் ஆகிய மூன்றிலும் வந்த 3.0 லிட்டர் வி6 டீசல் இன்ஜினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட் முறிந்துபோன அனுபவத்தைப் பல உரிமையாளர்கள் விவரித்திருக்கிறார்கள். கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் ஷெல் தன் இடத்திலிருந்து சுழன்று, ஆயில் வரும் துளையை அடைத்துவிடுகிறது. ஆயில் கிடைக்காத ஷாஃப்ட் சூடேறி உடைகிறது என்பதுதான் இத்தகைய இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். இந்தப் புகார்களில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு: சர்வீஸ் புத்தகம் முறையாக இருந்த வண்டிகளிலும் இது நடந்திருக்கிறது, பல நேரங்களில் அதற்குமுன் எந்த எச்சரிக்கை விளக்கும் எரிந்ததில்லை. இதற்குமேல், டிஸ்கவரியின் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் இன்ஜினில் பெரிய வேலை வந்தால், பல பட்டறைகளில் வண்டியின் உடலையே சேஸிஸிலிருந்து பிரித்து உயர்த்திவிட்டுத்தான் கைவைக்கிறார்கள். டர்போ மாற்றுவது போன்ற வேலைக்கே இந்த நிலை என்றால், கூலி எவ்வளவு ஆகும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோலுக்கு மாறினால் தப்பலாம் என்று நினைப்பவருக்கு 5.0 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8 காத்திருக்கிறது. 2009-இல் அறிமுகமான இந்த இன்ஜினின் தொடக்க ஆண்டுகளில் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்யும் டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனரும் அதற்கு வழிகாட்டும் கைடும் தேய்ந்து, குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது கடகடவென்ற சத்தம் வரும். அதைக் கேட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் செயின் பல் தாண்டி வால்வுகள் வளையும் அபாயம் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் குழாய்கள் இதைவிடத் தந்திரமானவை. இன்ஜினின் முன்பகுதியிலும் சூப்பர்சார்ஜருக்கு அடியிலும் ஓடும் அவை, பல ஆண்டுகள் சூட்டில் வெந்து, ஒட்டிய தையல்கோட்டில் விரிசல் விடுகின்றன. கசிந்த கூலன்ட் உலர்ந்த இடத்தில் வெளுத்த படிவாக நிற்கும். டார்ச் அடித்துத் தேடினால் கண்ணில் படும். டேஷ்போர்டின் வெப்பமானியை நம்பியிருப்பதில் பயனில்லை. அதன் முள் பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே அசையாமல் நின்றுவிட்டு, கூலன்ட் பெருமளவு போனபின்தான் ஏறத் தொடங்கும். பாதுகாப்பு என்ற நோக்கில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் மட்டும் 65,000-க்கும் மேற்பட்ட ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வண்டிகள், சாவியில்லாக் கதவு மென்பொருளில் இருந்த பிழை காரணமாக ஓட்டத்தில் கதவு முழுமையாகப் பூட்டப்படாமல் இருக்கக்கூடும் என்று ரீகால் செய்யப்பட்டன, அதாவது சரிசெய்வதற்காக நிறுவனத்தால் திரும்ப அழைக்கப்பட்டன. இதற்கான தீர்வு ஒரு மென்பொருள் மாற்றம்தான். ஆனால் அது செய்யப்பட்டதா என்பதை முந்தைய உரிமையாளர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ஐப் பொறுத்தவரை, பின்கதவில் ஒட்டியிருக்கும் எண்ணே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. 50ஐ என்று இருந்தால், உள்ளே 2008-இல் வந்த என்63 என்ற இரட்டை டர்போ வி8 இருக்கும். டர்போக்கள் வழக்கமாக இன்ஜினின் வெளிப்பக்கங்களில் இருக்கும். இதில் அவற்றை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வைத்தார்கள். வேகமும் உந்துதலும் கிடைத்தன. கூடவே, ரப்பரும் பிளாஸ்டிக்குமான எல்லாவற்றையும் பள்ளத்திலிருந்து எழும் வெப்பம் சுட்டெடுத்தது. வால்வு சீல்கள் கெட்டு ஆயில் குடிப்பது, சிக்னலில் சற்றுநேரம் நின்று கிளம்பும்போது புகை விடுவது, இன்ஜெக்டர் கசிவது, டைமிங் செயின் நீள்வது என்று புகார்கள் குவிந்ததால், 2014-இன் இறுதியில் பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் ஒரு சிறப்புத் திட்டமே அறிவித்து, செயினைச் சோதிப்பது முதல் இன்ஜெக்டர், பேட்டரி மாற்றுவது வரை செய்துகொடுத்தது. ஒரு நிறுவனம் ஓர் இன்ஜினுக்கென்று இப்படித் தனித்திட்டம் போட வேண்டியிருந்தது என்பதே நமக்குப் போதுமான சான்று.

அதே எக்ஸ்5-இல் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தால், அது ஏறக்குறைய வேறு வண்டி. 2010 முதல் 35ஐ வண்டிகளில் வந்த என்55 இன்ஜினில் மின்சார வாட்டர் பம்ப் முன்னறிவிப்பின்றி நின்றுபோகும் என்பதும், ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கின் கேஸ்கெட் கசியும் என்பதும் தெரிந்த குறைகள். இந்த இரண்டாவது கசிவை அலட்சியப்படுத்தியவர்கள் பட்ட பாட்டை நெருங்கிப் பார்ப்பது நல்லது. வடியும் ஆயில் முன்பக்க பெல்ட்டை நனைக்கும். நனைந்த பெல்ட் உருளையிலிருந்து நழுவிக் கிழியும். கிழிந்த நார்கள் கிராங்க்ஷாஃப்ட்டின் முன் சீல் வழியே இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, கீழே ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கக்கூடும். விலை மலிவான ஒரு ரப்பர் கேஸ்கெட்டை மாற்றாததால் இன்ஜின் வரை போகும் கதை இது. ஆனால் கசிவு பானெட்டைத் திறந்தாலே தெரியும், மாற்றுவதும் எளிது. 2018-இல் வந்த நான்காம் தலைமுறை எக்ஸ்5-இன் 40ஐ வண்டியில் உள்ள பி58 இன்ஜின் இவற்றையெல்லாம்விடத் தேறியது. டொயோட்டா தன் புதிய சுப்ரா ஸ்போர்ட்ஸ் காருக்கு 2019-இல் இந்த இன்ஜினையே எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

எக்ஸ்5 டீசலை நினைப்பவர் தென்கொரியாவில் 2018-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு அங்கே பல பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ரீகால் செய்யப்பட்டு, ஆகஸ்டில் சோதனை முடியாத வண்டிகள் சாலைக்கு வரக்கூடாது என்று அரசே உத்தரவிட்டது. புகைக்காற்றைக் குளிர்வித்து இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலரிலிருந்து கிளைகால் கலந்த கூலன்ட் கசிந்து, அங்கே படிந்திருந்த கரியோடு சேர்ந்து, சூட்டில் கனன்று, இன்ஜினுக்குள் காற்றைப் பகிர்ந்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டை உருக்கித் தீயாக மாறியது. ரீகால் பின்னர் உலக அளவில் ஏறத்தாழ 16 லட்சம் டீசல் வண்டிகளுக்கு விரிவடைந்தது. கூலன்ட்டின் அளவு காரணமில்லாமல் அடிக்கடி குறைகிறது என்று உரிமையாளர் சாதாரணமாகச் சொல்லும் புகார், இந்த இன்ஜினில் சாதாரணமானது அல்ல. இஜிஆர் கூலர் மாற்றப்பட்ட ஆவணம் இருந்தால் டீசல் எக்ஸ்5 நெடுந்தூர ஓட்டத்துக்கு உகந்ததுதான். ஆவணம் இல்லையென்றால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் வண்டிகளுக்கு உறுதியானவை என்ற பெயர் உண்டு, பெருமளவு நியாயமான பெயர்தான். இவற்றில் வந்த ஓஎம்642 என்ற 3.0 லிட்டர் வி6 டீசல் பெருந்தூரம் உழைக்கும் இன்ஜின். அதன் பலவீனம் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே புதைந்திருக்கும் ஆயில் கூலரின் சீல்கள். அவை கெட்டால் ஆயில் பின்புறமாக வழிந்து, கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர் கிராங்க்ஷாஃப்ட்டின் பின்சீல்தான் போய்விட்டது என்று எண்ணி, தேவையற்ற வேலையைச் செய்துவிடுவதுண்டு. சீல்களின் விலை மிகக் குறைவு. அவற்றை அடைய இன்ஜினின் மேல்பாதி முழுவதையும் கழற்ற வேண்டியிருப்பதால் கூலிதான் அதிகம். பெட்ரோல் 350 வண்டிகளில் வந்த எம்272 இன்ஜினின் தொடக்க ஆண்டுகளில் அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேய்வது தெரிந்த குறை என்பதால், அந்த ஆண்டுகளின் வண்டிகளில் இன்ஜின் எண்ணைச் சரிபார்க்காமல் விலை பேசக்கூடாது.

ஆனால் இந்த வண்டிகளில் மிக முக்கியமான விஷயம் இன்ஜின் அல்ல, பிரேக். 2022 ஜூனில் மெர்சிடிஸ், 2004 முதல் 2015 வரை தயாரான எம்எல், ஜிஎல், ஆர்-கிளாஸ் வண்டிகளில் ஏறத்தாழ பத்து லட்சத்தை உலகெங்கும் திரும்ப அழைத்தது. பெடலில் கால் தரும் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டரின் இரும்புக்கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறைக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் ஈரம் தங்கி, கூடு துருப்பிடித்துவிடுகிறது. முதலில் பெடல் கடினமாகும். அழுத்தும்போது காற்று இழுபடும் 'உஸ்' என்ற ஓசை கேட்கலாம். துரு முற்றிய அரிதான நிலையில், திடீரென ஓங்கி அழுத்தும் பிரேக்கில் பூஸ்டர் உடைந்து, பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகக்கூடும். அமெரிக்காவில் ஏறத்தாழ 2.9 லட்சம் உரிமையாளர்களிடம், சோதனை முடியும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனம் கூறியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த உறை துருவை மறைத்துவிடுகிறது என்பது. மேலோட்டமாகப் பார்க்கும் மெக்கானிக்குக்கு எல்லாம் சரியாகவே தெரியும். உறையை விலக்கினால்தான் உண்மை தெரியும். உப்புக் காற்றிலும் மழைநீர் தேங்கும் சாலைகளிலும் ஓடிய எம்எல்-ஐ வாங்குபவர், மற்ற எல்லாச் சோதனைகளையும் விட்டாலும் இதை விடக்கூடாது.

போர்ஷே கயேன் ஓட்டுவதற்கு இவை எல்லாவற்றையும்விட இனியது. அதனாலேயே அதை வாங்குபவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 2002-இல் வந்த முதல் தலைமுறையின் வி8 இன்ஜினில், சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே ஓடிய பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடித்து, அங்கேயே இருக்கும் ஸ்டார்ட்டரைக் குளிப்பாட்டின. பின்னர் அலுமினியக் குழாய்கள் வந்தன, அவை மாற்றப்பட்ட வண்டி என்றால் அந்தக் கவலை தீர்ந்தது. சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தாங்கும் நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்தால் தரைக்கடியில் யாரோ உதைப்பது போலத் தட்டும். 2010-இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறையில், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், மெல்ல வேகம் எடுக்கும்போது வண்டியை வெட்டி வெட்டி இழுக்கும். நான்கு டயர்களின் தேய்மானம் ஒத்திருக்காவிட்டால் இந்தப் பழுது விரைவில் வரும் என்பதால், இரண்டு புதிய டயரும் இரண்டு பழைய டயருமாக நிற்கும் கயேனை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 2016-இல் கயேன், அதன் உடன்பிறப்பான ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் இரண்டிலுமாக ஏறத்தாழ எட்டு லட்சம் வண்டிகள், பெடல் தாங்கியில் ஒரு சிறு கிளிப் கழன்றிருக்கக்கூடும் என்பதற்காக ரீகால் ஆயின. நிறுவனங்களே உள்சோதனையில் கண்டுபிடித்த குறை அது. சரிசெய்ய ஆகும் நேரமும் குறைவு.

வால்வோ எக்ஸ்சி90-ஐ ஒரே பத்தியில் முடித்துவிடலாம். முதல் தலைமுறையின் டி6 பெட்ரோலில் வந்த நான்கு வேக கியர்பாக்ஸ் அந்த இன்ஜினின் இழுவிசைக்குத் தாங்காதது. அதை விலக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை டீசலுக்கு, பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்ட் உருகக்கூடும் என்று 2019-இல் வந்த ரீகால் முடிந்திருக்க வேண்டும். இவை தவிர, விபத்துப் பாதுகாப்பில் அதற்குள்ள பெயர் தகுதியானதே.

லெக்ஸஸ் பற்றிய புகார்கள் குறைவு, இருப்பவையும் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வருபவை. ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பிப் பாதுகாப்பை ஆராயாமல் விடுபவருக்கு, ஜிஎக்ஸ் 460-இன் கதை தேவை. 2010 ஏப்ரலில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வழுக்கிச் செல்கிறது, உயரமான இந்த வண்டி கவிழக்கூடும் என்று சொல்லி, 'வாங்காதீர்கள்' என்று அறிவித்தது. லெக்ஸஸின் தாய் நிறுவனமான டொயோட்டா விற்பனையை நிறுத்தி, வண்டி வழுக்காமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மென்பொருளை மாற்றியது; அடுத்த மாதமே எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஆர்எக்ஸ் 350-இன் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வால்வு டைமிங்குக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயின் ரப்பர் பகுதி வெடித்து, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் கொட்டிவிடும் குறை இருந்தது. உலோகக் குழாயாக மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது எளிது. 2020-இல் தொடங்கிய எரிபொருள் பம்ப் ரீகால் இதைவிடப் பெரியது: பம்ப்பின் உட்சுழலி உப்பிச் சிக்கிக்கொண்டால் ஓட்டத்திலேயே இன்ஜின் அணைந்துவிடும். உலக அளவில் 58 லட்சம் டொயோட்டா, லெக்ஸஸ் வண்டிகள் வரை அது நீண்டது. ஜிஎக்ஸின் வேறு குறைகள் பழுது என்று சொல்லத்தக்கவை அல்ல: பெட்ரோல் தாகம் அதிகம், ஏணிச் சட்டத்தின் மேல் அமர்ந்த உடல் என்பதால் ஜெர்மன் வண்டிகளின் நிதானம் சாலையில் கிடைக்காது, உள்ளே மின்னணு வசதிகள் ஒரு தலைமுறை பின்தங்கியவை.

இவற்றில் பெரும்பாலான நிறுவனங்களின் வண்டிகளுக்குப் பொதுவான ஓர் ஆபத்து உண்டு: டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக். அதை ஊதவைக்கும், அம்மோனியம் நைட்ரேட்டால் இயங்கும் இன்ஃப்ளேட்டர் ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறியும். எக்ஸ்5, எம்எல், ரேஞ்ச் ரோவர், ஜிஎக்ஸ் என்று ஏறத்தாழ எல்லாப் பெயர்களும் ஏதோ சில ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் வருகின்றன. 2023-இல் பிஎம்டபிள்யூ, 2000 முதல் 2004 வரையிலான எக்ஸ்5 உள்ளிட்ட சில பழைய வண்டிகளை ஏர்பேக் மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம் என்று அமெரிக்க உரிமையாளர்களிடம் கூறியது. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாடுகளில் வாங்குபவர் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். எழுத்துகளும் எண்களுமாக 17 இடங்கள் கொண்ட, வண்டியின் அடையாளமான வின் எண்ணை உற்பத்தியாளரின் தளத்திலோ டீலரிடமோ கொடுத்தால், எந்த ரீகால் முடியாமல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிக்கு, அது முதலில் விற்கப்பட்ட நாட்டின் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

என் தேர்வு இப்படி அமைகிறது. வீட்டில் இருக்கும் ஒரே வண்டி, தினமும் அதில்தான் போக வேண்டும், பட்டறையில் பல நாள் நிறுத்த வழியில்லை என்பவருக்கு ஆர்எக்ஸ் அல்லது ஜிஎக்ஸ். ஓட்டும் இன்பத்தையும் விட மனமில்லாதவருக்கு ஆறு சிலிண்டர் பெட்ரோல் எக்ஸ்5, அதிலும் சாதாரணக் காயில் ஸ்பிரிங் உள்ளது. ஏர் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் ஒரு பெரிய செலவுத் தலைப்பே இல்லாமல் போகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு ஓஎம்642 டீசல் எம்எல், பிரேக் பூஸ்டர் சோதனைச் சான்றோடு மட்டும். கயேன், டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றிய ரசீது இருந்தால். ரேஞ்ச் ரோவரை இரண்டாவது வண்டியாக, அதுவும் டைமிங் செயினும் கூலன்ட் குழாயும் மாற்றப்பட்டதற்கான பில்களோடு வரும் வி8-ஆக மட்டுமே பரிந்துரைப்பேன்; வி6 டீசலை, பல்லாயிரம் பேர் சிக்கலின்றி ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தும், பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அதன் பழுதை முன்கூட்டி அறிய வழியில்லை. 50ஐ எக்ஸ்5, என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

நேரில் பார்க்கப் போகும்போது, வண்டி குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், செயின் சத்தத்தை மறைக்க முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கலாம். நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு வரை அளந்து, இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோதனை ஓட்டம் முடிந்து சற்றுநேரம் நிறுத்திவைத்தபின் மறுபடி அளக்க வேண்டும். கண்ணாடிக் கூரை உள்ள வண்டிகளில் மழைநீர் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கால்விரிப்புக்கு அடியில் இறங்கி, அங்கேயோ பின்பெட்டியின் பள்ளத்திலோ இருக்கும் மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கும். விரிப்பைக் கையால் அழுத்திப் பார்த்தாலே ஈரம் தெரியும். வண்டியின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டும்போது பிழைக்குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நின்றுவிடக்கூடாது. வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், குறியீடுகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, மூன்றாம் நிறுவனங்கள் விற்கும் கூடுதல் வாரண்டியா, தனியே எடுத்துவைக்கும் பழுதுநிதியா என்ற கேள்வி. வாரண்டிப் பத்திரத்தில் 'தேய்மானம்' விலக்கப்பட்டிருக்கிறதா, ஏர் சஸ்பென்ஷன் சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஒரு பழுதுக்கான உச்சவரம்பு எவ்வளவு, பிரித்துப் பார்க்கும் கூலியை யார் தருவது ஆகிய நான்கையும் படிக்க வேண்டும். பழைய வண்டியில் ஏறக்குறைய எல்லாப் பழுதையும் தேய்மானம் என்று சொல்லிவிட முடியும். உச்சவரம்பு ஓர் இன்ஜினின் விலைக்குக் கீழே இருந்தால், அந்தப் பத்திரம் சிறு பழுதுகளுக்கு மட்டுமே உதவும்; சிறு பழுதுகளுக்கு நிதியே போதும். எக்ஸ்5-க்கும் எம்எல்-க்கும் லெக்ஸஸுக்கும் நான் நிதியைத்தான் தேர்வேன். ரேஞ்ச் ரோவருக்கு, இன்ஜினின் முழு விலையையும் ஏற்கும் வாரண்டி கிடைத்தால் அதை வாங்கலாம். கிடைக்காவிட்டால் ஓர் இன்ஜினின் விலையை வண்டியின் விலையோடு சேர்த்துக் கூட்டி, அந்த மொத்தத்துக்கு வேறு என்ன வண்டி கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.